ஒரு டீக்கடை மாடலுக்கு ஊரெல்லாம் பொருள்: புதியவர்களுக்கான வழிகாட்டி

கடை, வீடு, வண்டி என்று நிஜத்தில் இருப்பதைச் சின்னதாக மாடல் செய்யும் ஆசையோடு ஹாபி கடைக்குப் போனால், கையகல பால்சா (எடை குறைந்த மரம்) பலகையின் விலையைக் கேட்டதுமே பாதி ஆசை போய்விடும். பிளாஸ்டிக் ஷீட், மெல்லிய கம்பி, குட்டி வேலி வலை என்று பட்டியல் நீளும்போது மீதியும் போய்விடும். ஆனால் இந்தப் பொருள்களுக்கு ஈடானவை உங்கள் தெருவிலேயே யாராவது ஒருவரின் வேலையில் மிச்சமாகி, சாயங்காலம் பெருக்கித் தள்ளப்படுகின்றன. எந்தத் தொழிலில் எது மிச்சமாகும், அதை எப்போது போய் எப்படிக் கேட்பது என்று தெரிந்தால் போதும்.

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் பிடிபடாது. ஒரு மாடலை எடுத்துக்கொள்வோம்: ரோட்டோர டீக்கடை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, முன்னால் சவுக்குக் கம்பு நட்ட பந்தல், ஒரு பெஞ்ச், பிஸ்கட் ஜாடிகள், காஸ் சிலிண்டர், பக்கத்தில் கம்பிவேலி. சுவர், மரம், தகரம், துணி, மண் எல்லாமே இதில் வந்துவிடும். இதைச் செய்து முடித்தால் வேறு எதற்கும் பொருள் தேடத் தெரிந்துவிடும்.

முதலில் அளவு, பிறகு சேகரிப்பு

புதியவர்கள் பலரும் அட்டை, குச்சி, மூடி என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்துவைத்துவிட்டு, அப்புறம் என்ன செய்யலாம் என்று யோசிப்பார்கள். ஆறு மாதத்தில் அட்டைப்பெட்டி நிறையும், மாடல் வராது. அளவுவிகிதத்தை முதலில் முடிவு செய்துவிட்டால், எது வேண்டும் எது வேண்டாம் என்று கையே சொல்லும்.

இந்த டீக்கடைக்கு 1:43 வைத்துக்கொள்வோம், அதாவது நிஜத்தில் நாற்பத்துமூன்றில் ஒரு பங்கு. இந்த அளவில் பொம்மைக் கார்கள் நிறைய கிடைக்கும், கடை வாசலில் ஒன்றை நிறுத்தலாம். கணக்கும் சுலபம்: ஓரடிக்கு 7 மி.மீ. பிரிட்டனில் ஓ கேஜ் ரயில் மாடல் செய்பவர்களும் இதே கணக்கைத்தான் பிடிக்கிறார்கள். பத்தடிக்கு எட்டடிக் கடை என்றால் 70 மி.மீ.க்கு 56 மி.மீ. ஏழடிக் கதவு 49 மி.மீ. ஐந்தரை அடி ஆள் 4 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஓர் இஞ்சுக்கு ஏறக்குறைய 0.6 மி.மீ.

இந்தக் கடைசி எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி எந்தக் கழிவுப் பொருளைப் பார்த்தாலும் அதன் தடிமனை இஞ்சாக மாற்றிப் பார்க்கும் பழக்கம் வரவேண்டும். 2 மி.மீ. தீக்குச்சி என்பது மூன்றரை இஞ்ச் கம்பு, அதாவது பந்தலுக்கு நடும் சவுக்கு. உப்புத்தாளில் உருட்டித் தேய்த்தால் சதுரம் உருண்டையாகிவிடும். மெழுகுத் தீக்குச்சி உதவாது, மரக்குச்சிதான் வேண்டும். ஊதுபத்தி எரிந்து முடிந்ததும் நிற்கும் மூங்கில் துண்டு சுமார் 1.3 மி.மீ. கனம். அது பந்தலின் குறுக்கே கட்டும் மூங்கில். எந்தப் பொருளும் எல்லா அளவுக்கும் பொருந்தாது. ஐஸ் குச்சியை அப்படியே பெஞ்சுப் பலகையாக ஒட்டினால் 17 இஞ்ச் அகலமும் மூன்றரை இஞ்ச் கனமுமாக, யானை உட்காரும் பெஞ்சாகிவிடும். காபி கலக்கத் தரும் மெல்லிய மரக்குச்சிதான் சரியான பலகை, ஒன்பது இஞ்ச் அகலம் வரும். அதற்காகக் கடையில் கைநிறைய அள்ளிவர வேண்டாம், நீங்கள் கலக்கியதைக் கழுவி எடுத்துவாருங்கள்.

வீட்டில் ஒரு சுற்று

புதுச் சட்டைக்குள் இருக்கும் அட்டை, புடவை மடிப்புக்குள் இருக்கும் அட்டை, நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டை, கல்யாணப் பத்திரிகை, மாத்திரைப் பட்டையின் ஒளிபுகும் பிளாஸ்டிக். எல்லாம் உங்களுக்கே தெரிந்தவைதான். இவற்றில் முதல் மதிப்பெண் தினசரி காலண்டர் அட்டைக்கு. விறைப்பாக இருக்கும், வளையாது, மாடலுக்கு அடித்தளமாக நன்றாக நிற்கும். ஜனவரி முதல் வாரத்தில் அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தால் வருடத்துக்கு வேண்டியது வந்துவிடும். சாமி படம் போட்ட அட்டையை வெட்ட வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள். ஈரத்துணியை மேலே விரித்துக் கொஞ்ச நேரம் ஊறவைத்துப் படத்தை முழுதாக உரித்துக் கொடுத்துவிடுங்கள். அட்டை உங்களுக்கு, படம் அவர்களுக்கு.

தீர்ந்துபோன பால்பாயிண்ட் ரீபிளை யாரும் மதிப்பதில்லை. ஒளிபுகும் அந்தக் குழாய் 3 மி.மீ. விட்டம் இருந்தால், நம் கணக்கில் ஐந்து இஞ்ச், அதாவது டீக்கடை பிஸ்கட் ஜாடி. 5 மி.மீ. நீளத்துக்குத் துண்டு போட்டால் உயரமும் சரியாக வரும். மை ஏறியிருந்த பகுதி கறையாக இருக்கும் என்பதால், மை நிரப்பாமல் விட்ட மேல்முனையிலிருந்து மட்டும் வெட்டுங்கள். ஒரு ரீபிளில் மூன்று நான்கு ஜாடி தேறும். உள்ளே காய்ந்த டீத்தூள் கொஞ்சம் போட்டு, மேலே சிவப்புப் பெயிண்ட் ஒரு சொட்டு வைத்தால் மூடி போட்ட ஜாடி ஆகிவிடும். சிலிண்டருக்கு ஏழு மில்லிமீட்டர் சொச்சம் விட்டமுள்ள ஸ்கெட்ச் பேனாவின் உடல் போதும்.

பந்தல்மேல் விரிக்கும் நீலத் தார்பாலினுக்குப் பழைய கேரி கவர். தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்து இவற்றுக்குத் தடை இருந்தாலும், மடித்துச் சொருகிய கவர் மூட்டை ஒன்று இன்னும் எந்த வீட்டிலும் இருக்கத்தான் செய்கிறது.

கூரை: அட்டைப்பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் விதம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாடலைப் பார்ப்பவர் கண் முதலில் கூரையில்தான் விழும். நெளிவுள்ள அட்டைப்பெட்டி எல்லாம் ஒன்றல்ல. மளிகைச் சாமான் வரும் பெரிய பெட்டியில் ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே 7, 8 மி.மீ. இருக்கும். பீட்சா பெட்டி, செருப்புப் பெட்டி, செல்போன் உதிரிப் பொருள் வரும் சின்னப் பெட்டி ஆகியவற்றில் பெரும்பாலும் பொடி நெளிவு, மூன்றரை மி.மீ.க்குள் அடங்கும். நிஜ ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் அலை இடைவெளி 146 மி.மீ. அதை 43-ஆல் வகுத்தால் 3.4. அதாவது பொடி நெளிவு அட்டை இந்த அளவுக்காகவே செய்து வைத்ததுபோல் பொருந்துகிறது. நான் 1:43-ஐத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணம் இதுதான். ஸ்கேலை வைத்துப் பத்து அலைகளை அளந்து பத்தால் வகுத்துப் பாருங்கள், கையில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துவிடும்.

உள்ளே இருக்கும் நெளிவை வெளியே கொண்டுவர ஒரு பக்கத் தாளை உரிக்க வேண்டும். நெளி அட்டையை ஒட்டுவது ஸ்டார்ச் பசை, தண்ணீரில் இளகிவிடும். பிழிந்த ஈரத்துணியால் ஒரு பக்கத்தை மட்டும் ஒற்றி, சில நிமிடம் விட்டு, ஓரத்திலிருந்து மெதுவாக இழுத்தால் தாள் தனியே வரும். அவசரப்பட்டால் நெளிவும் சேர்ந்து கிழியும். தண்ணீர் அதிகமானால் அட்டையே கூழாகும். காய்ந்த பிறகு தண்ணீர் கலந்த பெவிகாலை ஒரு கை பூசுங்கள், விறைத்துக்கொள்ளும். அப்புறம் 24 மி.மீ. அகலப் பட்டைகளாக வெட்டுங்கள். நிஜ ஷீட் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான அகலம், அதனால்தான் இந்த அளவு. பட்டைகளை ஓர் அலை மேலேறும்படி ஒட்டி, சாம்பல் நிறம் அடித்து, மழைத்தண்ணீர் வழியும் இடங்களில் கறுப்பைத் தண்ணீராகக் கரைத்து இழுத்துவிட்டால் நாலு மழைக்காலம் பார்த்த கூரை தயார்.

பீட்சா பெட்டியில் அடிப்பக்கம் எண்ணெய் குடித்திருக்கும், பெயிண்ட் ஒட்டாது. மூடியை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள்.

எந்தக் கடையில் எது மிஞ்சும்

போர்டு, ஸ்டிக்கர் கட்டிங் கடைதான் மாடல்காரரின் முதல் தெய்வம். பெயர்ப்பலகைக்கு எழுத்து வெட்டியது போக, சன்போர்டு எனும் பிளாஸ்டிக் நுரைப் பலகையின் ஓரங்களும் எழுத்தின் நடுவிலிருந்து விழும் துண்டுகளும் மூலையில் குவிந்திருக்கும். 3 மி.மீ. சன்போர்டு நம் கணக்கில் ஐந்து இஞ்ச், பூச்சோடு சேர்த்து நாலரை இஞ்ச் சுவர். 5 மி.மீ. என்றால் ஒன்பது இஞ்ச் சுவர். கொத்தனார் கட்டும் இரண்டு சுவரும் கிடைத்துவிட்டது. பிளேடால் மூன்று நான்கு முறை கீறினால் வெட்டுப்படும், உப்புத்தாளில் தேயும், தண்ணீர் பட்டாலும் ஊறாது. அதே கடையில் அக்ரிலிக் துண்டும் வினைல் ஸ்டிக்கர் ஓரமும் இருக்கும். ஸ்டிக்கர் ஓரம் கடையின் பெயர்ப்பலகைக்கு ஆகும்.

போட்டோ பிரேம் கடையில் கேட்க வேண்டியது மவுண்ட் போர்டின் நடுத்துண்டு. படத்தைச் சுற்றி வரும் சட்டம் போன்ற அட்டைக்காக நடுவில் வெட்டி எடுத்ததை அவர்களில் பலர் தூக்கித்தான் போடுகிறார்கள். ஒன்றரை மி.மீ. கனம், சுத்தமான பரப்பு, நேரான விளிம்பு. காசு கொடுத்து வாங்கினால்கூட இவ்வளவு நல்ல அட்டை கிடைப்பது சிரமம்.

அச்சகத்தில் வெட்டு ஓரங்கள் மலைபோல் இருக்கும். ஆனால் அவை எடைக்குப் போகிறவை, ஒரு கைப்பிடிக்கு மேல் கேட்காதீர்கள். அங்கே உண்மையில் மதிப்புள்ளது ஆப்செட் பிளேட். மெல்லிய அலுமினியத் தகடு, கத்தரிக்கோலுக்கே வெட்டுப்படும், தகரத் தட்டிக்கும் கல்லாமேசை மேல்தகட்டுக்கும் அருமை. பயன்படுத்திய பிளேட்டையும் எடைக்குத்தான் போடுவார்கள், ஒன்றிரண்டை விலைக்கே வாங்கிவிடுங்கள். கல்யாணப் பத்திரிகைக் கடையில் காலாவதியான மாதிரி ஆல்பம் கிடைத்தால் விடாதீர்கள். தடித்த அட்டை, துணிபோல் நெய்த தாள், தங்க ரேக்கு எல்லாம் ஒரே கட்டில் இருக்கும்.

தச்சுப் பட்டறையில் வெனீர் கீற்று, மைக்கா துண்டு, மரத்தூள். தூளைத் தேநீர் வடிகட்டியில் சலித்தால் தரைக்கு ஆகும். தையல்கடையில் காலர் கேன்வாஸ் துண்டும் காலியான நூற்கண்டும். கொசுவலை ஜன்னல் பொருத்துகிறவரிடம் வலை ஓரங்கள் கேளுங்கள். கண் ஒன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் சொச்சம் இருப்பதால் இரண்டு இஞ்ச் கம்பிவேலி அளவு வரும். நேராக வெட்டினால் சதுரக் கட்டமாகத் தெரியும். 45 டிகிரி சாய்த்து வெட்டினால் நிஜ வேலியின் வைரக்கண் வந்துவிடும்.

இன்டர்நெட் இணைப்பு கொடுக்க வருபவர் வெட்டிப் போடும் லேன் ஒயர் துண்டைப் பெருக்கித் தள்ளாதீர்கள். ஓரடித் துண்டுக்குள் எட்டுக் கம்பி இருக்கும், ஒவ்வொன்றும் அரை மி.மீ. ஜன்னல் கம்பி, தண்ணீர்க் குழாய், கொக்கி எல்லாம் அதில் ஆகிவிடும். மோட்டார் காயில் கட்டும் கடையில் தாமிரக் கம்பியை இலவசமாகக் கேட்பது முறையல்ல, அது அவருக்குக் காசு.

வேலை முடிந்து கடைசியில், நீங்கள் டீ குடிக்கும் கடையிலேயே வடிகட்டிய டீத்தூளைக் கேளுங்கள். இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்தால் ஈர மண் நிறத்துக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. பால் கலக்காத தூளாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்து நாறும்.

எப்படிக் கேட்பது

காலையில் கடை திறந்ததும் போய் நிற்காதீர்கள். போணி ஆகாத கடையில் இலவசம் கேட்டால் முகம் சுளிப்பார்கள், அதில் தப்பும் இல்லை. விளக்கு வைத்த பிறகு கையிலிருந்து பொருள் கொடுக்கத் தயங்குகிறவர்களும் உண்டு. மத்தியானச் சாப்பாடு முடிந்த மூன்று, நாலு மணிதான் சரியான நேரம்.

“வேஸ்ட் இருக்கா?” என்று மொட்டையாகக் கேட்டால் “இல்லை” என்றே பதில் வரும். அவருக்கு எது வேஸ்ட், உங்களுக்கு எது வேண்டும் என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. போனில் ஒரு மாடல் படத்தைக் காட்டி, “அண்ணே, இந்த மாதிரி சின்னதா ஒரு கடை செய்யறேன். சன்போர்டு வெட்டினது போக உள்ளங்கை அளவு துண்டு இருந்தா கொடுப்பீங்களா?” என்று கேளுங்கள். பொருளின் பெயரும் அளவும் சொன்னால் உடனே கை மூலைக்குப் போகும். சொந்தப் பையைக் கொண்டுபோங்கள். அவர் எடுத்துத் தருவதை வாங்கிக்கொள்ளுங்கள், அனுமதி இல்லாமல் குவியலைக் கிளறாதீர்கள். இரண்டாவது முறை போகும்போது டீ வாங்கிக் கொடுக்கலாம். அதைவிட, செய்து முடித்த மாடலைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அதன்பிறகு உங்களுக்கென்று தனியாக எடுத்துவைக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

தெருக்குப்பையில் தரம் பிரித்து வைத்த மூட்டையைத் தொடாதீர்கள். அது குப்பை அல்ல, அதைப் பொறுக்கியவரின் அன்றைய வருமானம்.

போகி, ஆயுத பூஜை

வருடத்தில் இரண்டு நாள்களைக் காலண்டரில் குறித்துவையுங்கள். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரத்தில் பட்டறை, அச்சகம், மெக்கானிக் கடை என எல்லா இடத்தையும் ஒழித்துக் கழுவுவார்கள். ஒரு வருடம் மூலையில் கிடந்தது அன்றைக்குத்தான் வெளியே வரும், நீங்கள் எடுத்துக்கொண்டால் அவர்களுக்கு வேலை மிச்சம். போகிக்கு முந்தைய நாள்களில் வீடுகளில் இதே கதை. விடிகாலையில் கொளுத்திவிடுவார்கள் என்பதால் ஒரு நாள் முன்னாடியே சொல்லிவைக்க வேண்டும். பழைய பிரிண்டர், டிவிடி பிளேயர் மாதிரி ஏதாவது வந்தால் பல்சக்கரம், எஃகுத் தண்டு, சின்ன மோட்டார் கிடைக்கும். தீபாவளித் தள்ளுபடி சமயத்தில் டிவி, பிரிட்ஜ் ஷோரூம்களின் பின்பக்கம் தெர்மாகோல் குவியும். பள்ளி முடியும் ஏப்ரலில் பிராஜெக்ட் மாடல்கள் வீடுகளிலிருந்து வெளியே வரும், அவற்றில் பாதி நீங்கள் பிரித்தெடுக்க வேண்டிய பொருள்தான்.

காயலாங்கடையும் சென்னைச் சந்துகளும்

இலவசமாகக் கிடைக்காததைப் பழைய பேப்பர் கடையிலும் காயலாங்கடையிலும் எடைக்கு வாங்கலாம். அவர் வாங்கிய விலைக்கு மேல் கொஞ்சம் கொடுத்தால் சந்தோஷமாகத் தேட விடுவார். சென்னையில் இருப்பவர்களுக்குக் கொடுத்துவைத்த இடங்கள் உண்டு. எலக்ட்ரானிக்ஸ் உதிரிக்கு ரிச்சி தெரு, பழைய வண்டிப் பாகங்களுக்குப் புதுப்பேட்டை, தாள் வகைகளுக்கும் பத்திரிகை அட்டைகளுக்கும் பாரிமுனைப் பக்கம் ஆண்டர்சன் தெரு. முதல் மாடலுக்கு இவ்வளவு தூரம் போகத் தேவையே இல்லை, என்னைக் கேட்டால் போகவும் கூடாது. அங்கே போனால் தேவையில்லாததையும் வாங்கிக்கொண்டுதான் திரும்புவோம்.

சும்மா கொடுத்தாலும் வேண்டாதவை

உடைந்த நிஜ ஆஸ்பெஸ்டாஸ் துண்டை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. அறுக்கும்போது பறக்கும் நார் நுரையீரலுக்குப் போகும். கிளினிக் குப்பையிலிருந்து ஊசி, குழாய் எதுவும் வேண்டாம். பழைய படக்குழாய் டிவி, மைக்ரோவேவ், கம்ப்யூட்டர் பவர் சப்ளை ஆகியவற்றைப் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். சன்போர்டு என்பது பிவிசி. அதைச் சூடான கம்பியாலோ நெருப்பாலோ வெட்டினால் அமிலப்புகை வரும், பிளேடு மட்டுமே போதும்.

பசை

ஓசியில் கிடைத்த பொருள் வீணாவது பெரும்பாலும் தப்பான பசையால்தான். தெர்மாகோலில் ரப்பர் சொல்யூஷன் வகைப் பசையும் ஸ்ப்ரே பெயிண்டும் பட்டால் குழி விழுந்து கரையும். அதற்கு பெவிகால்தான், நேரமெடுத்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும். சன்போர்டில் பெவிகால் பிடிக்காது, பெவிக்விக் மாதிரி உடனடிப் பசை வேண்டும். அதே உடனடிப் பசையை ஜன்னல் பிளாஸ்டிக் பக்கம் கொண்டுபோனால் அதன் ஆவி படிந்து கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிடும், அங்கே மறுபடி பெவிகால். உடனடிப் பசையைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்காதீர்கள். விரல் சுடும் அளவுக்குச் சூடாகும், சில சமயம் புகையும்கூட.

எடுத்துவைப்பது

ஒரே ஒரு அட்டைப்பெட்டி என்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். நிறைந்துவிட்டால் ஒன்றை வெளியே போட்டால்தான் இன்னொன்று உள்ளே. அட்டையையும் மரத்தையும் வெயிலில் காட்டிவிட்டு வையுங்கள், இல்லாவிட்டால் கரையானும் வெள்ளிப்பூச்சியும் உங்களுக்கு முன்னால் மாடல் செய்ய ஆரம்பித்துவிடும். பூச்சிக்குப் பயந்து அந்துருண்டை போடுகிறவர்கள் தெர்மாகோலை மட்டும் தனியே எடுத்துவிடவும். அந்துருண்டையின் ஆவி தெர்மாகோலை இளக்கிவிடும்.

காசு கொடுத்தே வாங்க வேண்டியவை கொஞ்சம்தான்: உடைத்துக்கொண்டே போகும் பிளேடு உள்ள கட்டர், ஓர் எஃகு ஸ்கேல், இரண்டு தரத்தில் உப்புத்தாள், பெவிகால், ஓர் உடனடிப் பசை, அக்ரிலிக் பெயிண்டில் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, மஞ்சள், நீலம். பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து வெட்டாதீர்கள். கட்டர் ஸ்கேலையே சீவிக்கொண்டு விரலுக்கு வரும்.